பாதை என்னும் சொல்லும் குறிஞ்சாக்கேணித் துறையும்

மொழிபெயர்ப்பாளருக்கு எளிதெனத் தோன்றிப் பின்னர் இடர் விளைக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'றோட்' என்பது ஒன்று. வழி, பாதை, வீதி, தெரு, சாலை, மார்க்கம் எனப் பல சொற்கள் உடனே நாவில் வந்து நிற்கும். எதனை எடுத்தாலும் பொருள் ஒருவாறு விளங்கும். ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் எல்லா ஊரிலும் இயல்வதன்று. சென்னையில் 'அண்ணா சாலை' என்று பலகையில் எழுதுவர். கொழும்பில் 'காலி வீதி' என்று எழுதுவர். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பே. தமிழ்நாட்டார்க்கு வீதி என்றதும் தேரோடும் மாடவீதி நினைவில் எழும். ஈழத்தார்க்குச் சாலை என்றதும் பாடசாலையும் வைத்தியசாலையுமே முன்னிற்கும். அங்கே சந்து எனப்படுவது இங்கே ஒழுங்கை. இவ்வேற்றுமைகளை வட்டார வழக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு சொல் ஓரிடத்தில் என்ன பொருள் பெற்றது என்பதை ஆராயின், அவ்விடத்து நிலமும் நீரும் ஆட்சியும் அச்சொல்லினுள் அடங்கியிருத்தல் புலப்படும். திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில் 'பாதை' என்னுஞ் சொல் பெற்ற பொருள் இதற்குத் தக்க சான்று.

முதற்கண் ஆங்கிலச் சொற்களையே நோக்குவோம். 'றோட்' என்பதன் பழம்பொருள் நெடுவழி அன்று. குதிரைமீது ஊர்தல் என்பதே. ஊர்தற்குரிய தரைவழி என்னும் பொருள் அதற்குப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உறுதிப்பட்டது. அதற்கு முன்னரே அச்சொல்லுக்குக் கடற்பொருள் ஒன்றும் உண்டு. கப்பல்கள் நங்கூரமிட்டுத் தங்கும் கரையோர நீர்ப்பரப்பையும் ஆங்கிலேயர் அப்பெயராலேயே வழங்கினர். சேக்சுபியரின் 'வெனிசு வணிகன்' நாடகத்தின் முதற்காட்சியில் இச்சொல் இக்கடற்பொருளிலேயே வருகின்றது. துறைமுக நகராகிய திருகோணமலையின் பழைய கடற்படங்களைக் காண்போர் இதனை மறத்தல் ஆகாது. தரையிலுள்ள வழி என எண்ணி வாசிப்பின் கப்பல் கரையேறிவிடும். 'ஸ்ட்றீற்' என்பது கல் பரப்பிய வழியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'றூட்' என்பது உடைத்துத் திறக்கப்பட்ட வழி என்னும் பொருளுடைய மற்றோர் இலத்தீன் தொடரினின்று பிரெஞ்சு வாயிலாக வந்தது. 'வே' என்பதும் வண்டியைக் குறிக்கும் 'வாகன்' என்பதும் ஒரே வேரின. எனவே ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் குதிரையின் ஓசையும் சக்கரத்தின் ஓசையும் கல்லுடைப்போன் சம்மட்டியின் ஓசையும் கேட்கின்றன.

தமிழ்ச் சொற்களில் முதலிற் கேட்பது காலடி ஓசையாகும். தடம் என்பது அடிபட்ட சுவடு. அதுவே பின்னர் வழியாயிற்று. இயவு என்பது இயங்குதலினின்று பிறந்தது. அதர், அத்தம், சுரம் என்பன காட்டினூடும் வறண்ட நிலத்தினூடும் செல்லும் அரிய வழிகள். சுரம் என்ற சொல்லில் வழி எது, வழி கிடக்கும் பாலைநிலம் எது எனப் பிரித்துக் காண்டல் அரிது; நடப்போனுக்கு அவ்விரண்டும் ஒன்றே. நெறி என்பது ஒழுக்கத்தையும், வழி என்பது மரபினையும் குறித்து உயர்ந்தன. வழித்தோன்றல் என்னும்போது தந்தையே மகனுக்குச் செல்லும் வழியாகிவிடுகின்றான்.

வணிகம் பெருகிய காலத்துக்குரிய சொல் பெருவழி. கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆதித்த சோழன் காலத்து இராசகேசரிப் பெருவழி பற்றிய கல்வெட்டு வழியருகே பாறையில் வெட்டப்பட்டுள்ளது. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் தொலைவுக் கல்லொன்று கிடைத்தது. நாவற்றாவளத்துக்கு 29 காதம் என எழுத்தில் கூறும் அக்கல், பெருங்குழி இரண்டும் சிறுகுழி ஒன்பதும் உடையது. எழுத்தறியாதாரும் விரலால் தடவித் தொலைவை அறியட்டும் என்று செய்தனர் போலும். கல் நட்டவர் வழிப்போக்கரிடத்துக் கொண்ட கடமையுணர்ச்சி அக்குழிகளில் உள்ளது. சாலை என்பதோ முதலில் கூடத்தையும் அறநிலையத்தையும் குறித்த சொல். காந்தளூர்ச்சாலை யாவரும் அறிந்தது. இருமருங்கும் மரம் நிழற்றிய பெருவழிக்கு அது பெயரானது பிற்காலத்து வழக்கு.

காலடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்ச் சொற்களில் நிறைந்திருப்பது நீர். ஆறு என்னுஞ் சொல் வழியையும் நதியையும் ஒருங்கே குறிக்கும். பரிசில் பெற்றோன் பெறாதானுக்கு வழிகாட்டும் துறைக்கு ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையின. நீர் தனக்கென வகுத்துக்கொண்ட வழியே மாந்தருக்கும் முதல் வழியாதலின் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் நிற்றல் வியப்பன்று. துறை என்பது நீரில் இறங்கும் இடம். வண்ணார் துறை, நீராடு துறை, கலம் சேரும் துறை என விரிந்து, இறுதியில் கல்வியின் கூறுகளுக்கும் அரசாங்கத்தின் கூறுகளுக்கும் பெயராயிற்று. பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, அம்பிளாந்துறை என ஈழத்து ஊர்ப்பெயர்கள் இதனைத் தாங்கி நிற்கின்றன.

சமயமொழியும் இவ்வாறே. வடமொழியில் தீர்த்தம் என்பதன் முதற்பொருள் ஆற்றைக் கடக்கும் இறங்குதுறை. சமணர் தம் முதல்வரைத் தீர்த்தங்கரர் என்றது, பிறவியாற்றைக் கடக்கத் துறை அமைத்தோர் என்னும் கருத்தினால். சைவர் சரியை முதலிய நான்கனையும் தாச மார்க்கம் தொடக்கமாகச் சன்மார்க்கம் ஈறாக மார்க்கங்கள் என்றனர். தமிழ்பேசும் முஸ்லிம்கள் தம் சமயத்தை மார்க்கம் என்றே வழங்குவர். அவர்தம் சமயச் சட்டத்துக்குப் பெயராகிய 'ஷரீஅத்' என்னும் அரபுச் சொல்லுக்கு நீர்நிலைக்குச் செல்லும் வழி என்னும் பொருள் உண்டு என அறிஞர் காட்டுவர். பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் கிண்ணியாவிலும் அதன் அருகேயுள்ள குறிஞ்சாக்கேணியிலும் வழிபற்றிப் பேசுவோர்க்கு இப்பொருள் அந்நியமன்று. அங்கே எவ்வழியும் விரைவில் நீரில் முடியும்.

அந்நிலத்தின் அமைப்பு இதற்குக் காரணம். திருகோணமலை நகருக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவும் மேற்கே தம்பலகாமக் குடாவும் நிலத்தை ஊடறுத்து நிற்கின்றன. இவ்விரு நீர்ப்பரப்பும் ஒன்றையொன்று தொடும் வாயின் தென்கரையில் கிண்ணியா அமைந்துள்ளது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து இறங்கிக் கொட்டியாரக் குடாவிலேயே கடலை அடைகின்றது. களப்பும் உப்பாறும் சதுப்பும் கலந்த இப்பகுதியில் ஒரு காததூரம் நேரே நடப்பதும் அரிது. ஊர்ப்பெயர்களையும் பார்க்கலாம். குறிஞ்சாக்கேணி, இதே கரையோரமாகத் தெற்கே செல்லின் பனிச்சங்கேணி, காயங்கேணி என வருவன எல்லாம் மரம் அல்லது செடியின் பெயரும் கேணியும் சேர்ந்தமைந்தவை. உப்புநீர் சூழ்ந்த இடத்தில் நன்னீர்க் கேணிதான் ஊரின் அடையாளமாயிற்று. குறிஞ்சா என்பது இலையைக் கறியாகச் சமைத்துண்ணும் ஒரு கொடி. பெயரின் முதற்பகுதி கண்டு இதனைக் குறிஞ்சித் திணையோடு இணைத்துப் பேசுதல் பொருந்தாது, மலை அங்கில்லை.

இந்நிலத்தில் பாலம் இன்மை இயற்கையின் செயல் மட்டுமன்று, ஆட்சியின் கொள்கையாகவும் ஒரு காலத்தில் இருந்தது. 1660 இல் புயலாற் சிதைந்த ஆங்கிலக் கப்பலொன்று பாய்மரத்தைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மகன் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து 1679 இல் தப்பி, 1681 இல் தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். மகாவலி கங்கைக்குப் பாலங்கள் இல்லாமைக்கு அவர் இரு காரணங் காட்டுவர். மழைக்காலத்து வெள்ளத்தின் வேகம் ஒன்று. தன் நாட்டுக்கு வரும் வழி எளிதாகாது சிக்கலாகவே இருத்தல் நன்று என மன்னன் கருதியமை மற்றொன்று. வழிகளில் முள்வாயில்கள் இட்டுக் காவல் செய்ததனையும் அவர் விவரிப்பர். போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையைப் பிடித்து நின்ற காலத்தில் அம்மன்னனது எண்ணம் தவறன்று. கடத்தற்கரிய ஆறு அவனுக்கு மதில். ஆயினும் மதிலுக்குள் இருந்தோர் அவன் குடிகள். அவர்கள் ஓடங்களிலேயே கங்கையைக் கடந்தனர்.

ஆங்கிலேயர் இக்கொள்கையைத் தலைகீழாக்கினர். 1815 இல் கண்டி வீழ்ந்தபின், வழியமைத்தலே ஆட்சியமைத்தல் என்றாயிற்று. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி எழுந்தது. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறுநாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டுக் கலகத்துக்குக் காரணமான சுமைகளுள் அதுவும் ஒன்று. வீதி என்பது இவ்வாறு மக்கள் உடலுழைப்பாற் செலுத்திய வரியாயிற்று. ஆனால் அவ்வீதிகள் முதலிற் சென்றது கோப்பித் தோட்டங்களை நோக்கி. கிழக்குக் கரையின் களப்புகளை நோக்கியன்று. அங்கே வீதி கரைவரை வந்து நிற்கும். மறுகரையில் மீண்டும் தொடங்கும். இடையில் இருப்பது நீர். அந்நீரைக் கடத்த ஒரு கலம் வேண்டும். அக்கலத்துக்கு மக்கள் இட்ட பெயர்தான் 'பாதை'.

இங்கு ஈழத்து வழக்கு அறியாதார் மயங்குவர். இரண்டு ஓடங்களையோ மிதவைகளையோ அருகருகே பிணைத்து, மேலே பலகை பரப்பி, கழி ஊன்றியோ, இருகரைக்கும் கட்டிய கயிற்றைப் பற்றி இழுத்தோ, பிற்காலத்தில் இயந்திரம் பூட்டியோ செலுத்தப்படும் தட்டையான கலம் இப்பெயர் பெறும். மனிதரும் மாடும் வண்டியும் அதில் ஏறிச் செல்வர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவது பாதை. மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே ஓடுவதும் பாதை. 'பாதை வருகின்றது', 'பாதை போய்விட்டது', 'பாதையில் இடமில்லை' என்பன அங்கே இயல்பான பேச்சு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் செவியில் இவை விடுகதை போல் ஒலிக்கும். பாதையிலே நாம் போவதன்றிப் பாதை போவதெங்ஙனம் என வினவுவர்.

வழியைக் குறிக்கும் பாதையும் கலத்தைக் குறிக்கும் பாதையும் ஒரே சொல்லா, ஒலியால் ஒன்றிய இரு சொற்களா என்பது அகராதியாளர் வினா. முன்னது வடமொழிப் 'பத' என்பதனோடு தொடர்புடையது என்பர். பின்னதை நோக்குமிடத்து, இலங்கையின் மேற்குக் கரைக் கால்வாய்களில் பண்டமேற்றிச் சென்ற தட்டைப் படகுகள் ஆங்கில நூல்களில் 'பத்தா' படகு எனக் குறிக்கப்படுதல் நினைக்கத்தக்கது. வேர் எதுவாயினும், பேசுவோர் உள்ளத்தில் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. வீதியின் அறுந்த துண்டு ஒன்று மிதந்துவந்து இரு முனைகளையும் பொருத்துகின்றது. ஆதலின் அதுவும் பாதையே. இதனைப் பிழைவழக்கு என்று திருத்த முற்படும் புலவர்கள், துறை என்னும் சொல் நீரிலிருந்து அரசாங்கக் கட்டடத்துக்கு ஏறியதை மட்டும் எங்ஙனம் ஏற்றனர் என்பது தெரியவில்லை.

எனினும் சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றாகிவிடாது. தரைப்பாதை நள்ளிரவிலும் கிடக்கும். யாரையும் கேளாமல் அதில் நடக்கலாம். நீர்ப்பாதைக்கு நேரம் உண்டு, செலுத்துவோன் உண்டு, கூலி உண்டு, ஏறத்தகும் தொகை உண்டு, காற்றின் திசை உண்டு. மகப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணுக்கும் தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கும் இவ்வேற்றுமை நன்கு தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் பாலங்களிலும் துறைகளிலும் அறவிடும் ஆயம் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தோன் ஒருவனின் வருவாய் நோக்கத்தில் பொதுவழி தங்கி நின்றது. வீதியைப் பேணுதல் அரசின் கடன் என்பது ஐயமின்றி ஏற்கப்பட்ட பின்னரும், அவ்வீதியின் மிதக்கும் துண்டு யாருடைய கடன் என்ற கேள்வி பல இடங்களில் விடையின்றியே இருந்தது.

போர் ஓய்ந்த பின்னர்க் கிழக்கில் பாலங்கள் விரைந்து எழுந்தன. சவூதி அராபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20 ஆம் நாள் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுடைய அது இலங்கையின் மிக நீண்ட பாலம் எனப் போற்றப்பட்டது. அதுவரை திருகோணமலை நகருக்குச் செல்லப் பாதைக்காகக் கரையில் வரிசையாய் நின்றோர் அன்று முதல் நிற்கவேண்டியதில்லை. மட்டக்களப்பில் மண்முனைத் துறையின் பாதையும் 2014 இல் பாலத்துக்கு இடங்கொடுத்தது. தலைமுறைகள் பேசிய ஒரு சொற்பொருள் இவ்வாறு ஒவ்வொரு துறையாகக் கரையேறி மறைந்துகொண்டிருந்தது. சொல்லாராய்வோர் வருந்தலாம், அவ்வூரார் வருந்தினாரல்லர்.

குறிஞ்சாக்கேணியில் நிகழ்ந்தது இதற்கு எதிரானது. கிண்ணியா நகரையும் குறிஞ்சாக்கேணியையும் பிரிக்கும் களப்பின்மீது பழைய பாலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் பணி 2021 இல் தொடங்கிற்று. பழைய பாலத்தின் வழியே செல்லுதல் நின்றது. அவ்விடைக்காலத்துக்கென மிதக்கும் பாதை ஒன்று ஓடலாயிற்று. பாலம் இருந்த இடத்துக்குப் பாதை மீண்டும் வந்தது. பழைய சொற்பொருளும் உடன் வந்தது. ஆவணமொழியில் இத்தகைய ஏற்பாட்டுக்கு மாற்றுவழி என்று பெயர். சொல்லளவில் இதிற் குற்றமில்லை. வழியும் பாதையும் ஒருபொருட் கிளவிகள் என்று நிகண்டு கற்ற எவரும் கூறுவர். ஆனால் பாலம் ஒரு வழி. மிதவை ஒரு கலம். வழியை அடைத்துவிட்டுக் கலத்தைக் கொடுத்து, இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்குமிடத்து, கொடுத்தது எடுத்ததற்கு ஈடாகிவிட்டது என்னும் மயக்கம் எளிதில் உண்டாகும். கலத்துக்குக் கலத்தின் விதிகள் வேண்டும்: ஏற்றத்தகும் தொகை வேண்டும், பக்கக் காப்பு வேண்டும், உயிர்காப்பு அங்கி வேண்டும், தகுதிபார்ப்போர் வேண்டும். வழி என்று எண்ணினால் இவற்றுள் ஒன்றும் நினைவுக்கு வாராது. வீதியில் நடப்போருக்கு உயிர்காப்பு அங்கி எவரும் கொடுப்பதில்லையன்றோ?

2021 நவம்பர் 23 ஆம் நாள் காலை, பள்ளி செல்லும் நேரத்தில், அப்பாதை களப்பில் கவிழ்ந்தது. ஏறியிருந்தோருள் பலர் சிறுவர். அன்றே ஆறு பேர் உயிரிழந்தனர். பின்வந்த நாட்களில் அத்தொகை உயர்ந்தது. கடந்தது கடலன்று, கரைகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நின்றன, நடுவில் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று மாலையே ஊரெங்கும் சினம் மூண்டது. பாராளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. பாலப் பணி தொடங்குமுன் மக்களைக் கடத்துதற்குத் தக்க ஏற்பாடு செய்யப்பட்டதா, மிதவைக்கு இசைவு அளித்தோர் யார், இசைவு எதன்மீது அளிக்கப்பட்டது என்னும் கேள்விகள் எழுந்தன. இவை அனைத்தும் சட்டத்தின் கேள்விகள். ஆயினும் அடியில் இருந்தது அப்பழைய கேள்வியே: வீதியின் மிதக்கும் துண்டு யாருடைய கடன்?

இராசசிங்கன் பாலம் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அதனை அவன் மறைக்கவுமில்லை. ஓடமும் பாலமும் வேறு என்பதனை அவன் தெளிவாக அறிந்தமையாற்றான் ஒன்றைத் தடுத்து மற்றொன்றை விட்டுவைத்தான். அவனுக்கு முந்நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அதே கொட்டியாரக் குடாவின் அருகே, பாலம் வேண்டும் என்று கருதியவர்களின் காலத்தில், அவ்வேற்றுமை கருத்திற் கொள்ளப்படாமற் போயிற்று.

மறுநாள் வெளிவந்த செய்திகளில் அக்கலத்துக்குப் பெயரிடுவதிலேயே தடுமாற்றம் காணப்பட்டது. சில இதழ்கள் படகுப் பாதை என்றன. சில மிதப்புப் பாதை என்றன. சில இழுவைப் படகு என்றன. பாதை என்று மட்டும் எழுதின் வெளியூரார் வீதிவிபத்து என்று கொள்வர் என அஞ்சி அடைமொழி சேர்த்தனர் போலும். கடல்கடந்த தமிழர் வாசித்த செய்திகளிலோ பாதை என்ற சொல்லே இல்லாது, படகு கவிழ்ந்தது என்று மட்டும் இருந்தது. குறிஞ்சாக்கேணியார்க்கு அடைமொழி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்று காலை தம் பிள்ளைகளைப் பாதைக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.